ஓர் அச்சு, ஒரே சிலை

ஐம்பொன் சிலை வார்க்கும் அச்சை எத்தனை முறை பயன்படுத்துவார்கள் என்று அரியலூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே முறைதான். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும்.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் மரச்சிற்பி உளியை நேரே மரத்தில் வைக்கிறார். சுவாமிமலை ஸ்தபதியோ தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கிச் சேர்த்து, முதலில் மெழுகுச் சிலை செய்கிறார். அதன்மேல் மண் பூசி வரட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு வழிந்தோடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகம் இறங்கும். எவ்வளவு உலோகம்? மெழுகை முன்பே நிறுத்து வைத்திருப்பார்கள். அதைப்போல் எட்டு, பத்து மடங்கு.

என்னை மயக்குவது அந்த மண். காவிரி வண்டலை நைய அரைத்து, உமிக்கரி கலந்து, தோசைமாவுப் பதத்தில் முதல் பூச்சு. மெழுகில் நகக்கீறல் இருந்தாலும் இது பிடித்துவைத்துக்கொள்ளும். நிழலில் காய்ந்தபின் வயல் களிமண். அதற்கும் மேலே மணல் கலந்த முரட்டு மண். உமிக்கரி கலந்த மண்ணின் நுண்துளைகள் வழியே காற்று வெளியேறும். இல்லாவிட்டால் சிலையில் குமிழி விழும். இத்தனை பாடுபட்ட மண்ணைக் கடைசியில் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிடுகிறார்கள். சிலையைப் புகழும் யாரும் மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை.

அச்சு உடைவதால் ஒரு சிலைபோல் இன்னொன்று அப்படியே அமையாது. திருடுபோன சிலையை அடையாளம் காண இதுவே கைகொடுக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவர் நம்மூர்க்காரர் என்று நிறுவ உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்துவைத்திருந்த படம். திருவாசியின் சுடர், விரல் மடிப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட முடிந்தது. 2014இல் திரும்பி வந்தார்.

விளக்கேற்ற ஆளில்லாமல் கோயிலைப் பூட்டிவிட்டு, சிலை போனபின் அழுவது நமக்குப் பழகிவிட்டது. உற்சவத்தில் ஆளுக்கொரு கைபேசியில் படம் எடுக்கிறோம். அதில் தெரிவதெல்லாம் பட்டும் மாலையும்தான். அடையாளம் காட்ட அது உதவாது. திருமஞ்சனத்தின்போது, அலங்காரத்துக்கு முன், முன்னும் பின்னும் பீடமும் தெரிய நாலு படம் எடுத்து ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்துவையுங்கள். குருக்களிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.