ஷானன் ஆறு பிறக்கும் மாவட்டம்

அயர்லாந்து நாட்டில் கேவன் என்றொரு மாவட்டம் உண்டு. ஆண்டின் நாள்களைப் போல அங்கே 365 ஏரிகள் என்பது மக்கள் வழக்கு. யார் எண்ணிப் பார்த்தார்களோ! பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாறைகள் மண்ணைச் சிறுசிறு குன்றுகளாகக் குவித்துவிட்டுச் சென்றன. இடைப்பட்ட பள்ளங்களில் தேங்கிய நீரே இந்த ஏரிகள்.

ஊக்டர் ஏரியிலுள்ள தீவொன்றில் வட்டக் கோட்டை ஒன்று இடிந்து நிற்கிறது. பழைய ஏற்பாட்டை ஐரிஷ் மொழியில் பெயர்க்கச் செய்த ஆங்கிலிக்கன் ஆயர் வில்லியம் பெடெல், 1641-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது இங்கேதான் சிறை வைக்கப்பட்டார்.

எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது குவில்கா மலைச் சரிவிலுள்ள ஷானன் சுனை. எதிர்க்கரையில் நிற்பவரோடு பேசக்கூடிய அளவே உள்ள சிறு குளம் அது. அயர்லாந்தின் மிக நீளமான ஷானன் ஆறு அங்கிருந்து புறப்பட்டுச் சுமார் 360 கிலோமீட்டர் ஓடுகிறது. மலையில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியில் ஓடிச் சுனையாக வெளிப்படுகிறது. மேலுள்ள ஓடைகளில் சாயம் கலந்து பார்த்து இதனை உறுதி செய்துள்ளனர்.

பழங்கதையோ வேறு சொல்கிறது. சினான் என்னும் மங்கை அறிவைத் தேடி, விலக்கப்பட்ட மாயக் கிணற்றை நாடிச் சென்றாள். நீர் பொங்கியெழுந்து அவளை அடித்துச் சென்றது. அறிவை விரும்பியதற்கு இத்தனை தண்டனையா என்று பூகோள வகுப்பில் நாங்கள் வாதாடினோம். ஆனால் ஆற்றுக்கு நிலைத்தது அவள் பெயர்தான்.