மஞ்சள் வயரில் தொலையும் படம்

டோஹாவிலிருந்தோ ரியாத்திலிருந்தோ ஒருவர் ஊர் திரும்பினால் அவருடைய பெட்டியில் டிவிடி பிளேயர் ஒன்றும் சேர்ந்து வந்த காலம் குறிஞ்சாக்கேணியில் இருந்தது. அந்தப் பிளேயர்களில் சில இன்னும் ஓடுகின்றன. சினிமா பார்க்கக் கைப்பேசி போதும். இவற்றை வைத்திருப்பது அலுமாரிக்குள் இருக்கும் கலியாண வீடியோவுக்காக. பழைய பெட்டி டீவி போய் 43 அங்குலப் பிளாட் டீவி வந்ததும், அதே தட்டு மங்கிப்போனதாகத் தெரிகிறது. "நானா, நல்ல பிளேயரொன்று எடுத்தால் படம் கிளியராகுமா?" என்று கேட்பவருக்கு ஆம், இல்லை என்று உடனே சொல்லிவிட முடியாது. தட்டிலிருந்து திரைக்குப் படம் வரும் வழியைப் பார்த்தால்தான் காசை எங்கே போடுவது என்று விளங்கும்.

தட்டின் குறுக்களவு 12 சென்ரிமீற்றர். அதில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு தடம் சுருண்டு போகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீற்றர்தான் இடைவெளி. சுருளை நேராக நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் வரும். கடையில் விற்கும் சினிமாத் தட்டில் இந்தத் தடம் முழுவதும் அச்சிட்ட குழிகள். மிகச் சிறிய குழியின் நீளம் 0.4 மைக்ரோமீற்றர். கலியாணத் தட்டில் குழி கிடையாது. ஸ்டூடியோக்காரர் அதை எழுதியபோது, உள்ளே இருக்கும் சாயப் படலத்தில் லேசர் சுட்ட புள்ளிகளே அங்கே உண்டு. தட்டு உட்புறத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 தடவையும் விளிம்பில் 600க்குக் கிட்டவும் சுழல்கிறது, சுழலும்போது மேலும் கீழும் ஆடவும் செய்கிறது. அந்த ஆட்டத்தோடு தானும் ஆடியபடி, 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைத் தடம் மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது லென்ஸ். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்குள் நடக்கிற வேலை இது!

கீறலும் தூசியும் படும் என்று தெரிந்தே, பிழை திருத்தும் எண்களையும் கலந்துதான் தட்டில் எழுதுகிறார்கள். அதனால் வாசிப்பு சரியாக நடக்கும் வரை, மலிவான பிளேயருக்கும் விலை கூடியதற்கும் கிடைக்கும் எண்கள் ஒன்றே. லென்ஸில் அழுக்குப் பிடித்தால் படம் மங்காது. சதுரம் சதுரமாக உடையும், அல்லது அப்படியே நின்றுவிடும். மங்கலைக் கண்டு லென்ஸைத் துடைப்பது வீண் வேலை.

அடுத்தது, தட்டில் எவ்வளவு படம் இருக்கிறது என்பது. இலங்கையின் பிஏஎல் முறையில் ஒரு டிவிடிப் படம் 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். நொடிக்கு 25 படங்கள். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 124 மெகாபிட் வேண்டும். டிவிடி தரும் உச்சமோ 9.8. எம்பெக்-2 என்ற சுருக்கும் முறை இந்த இடைவெளியைக் கடக்கிற விதம் அழகானது. இடைக்கிடை ஒரு படத்தை முழுமையாக எழுதும். அடுத்து வருபவற்றில் 16 புள்ளிச் சதுரங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தன, எது மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கும். நிறத்துக்கு நாலில் ஒரு பங்கு விவரமே போதும் என்று விட்டுவிடும், ஏனென்றால் நம் கண் வெளிச்சத்தைக் கூர்மையாகப் பார்க்கும் அளவுக்கு நிறத்தைப் பார்ப்பதில்லை.

கலியாண வீடியோவில் போட்டோக்காரரின் ஃபிளாஷ் மின்னும் நொடியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். மணமகளின் முகமும் ஜரிகையும் கட்டம் கட்டமாகக் குலைந்திருக்கும். முந்தைய படத்திலிருந்து ஊகித்துக்கொண்டே வந்த முறைக்கு, திடீரென்று எல்லாச் சதுரமும் புதிதாகிவிட்டது. நாலு மணிநேரக் கலியாணத்தை 4.7 ஜிகாபைட் தட்டொன்றில் அடக்கியிருந்தால் நொடிக்கு 2.6 மெகாபிட்தான் மிஞ்சும். அங்கே போன விவரத்தை உலகத்தில் எந்தப் பிளேயரும் திருப்பித் தராது.

இந்தப் படத்தைத்தான் புது டீவி 1920க்கு 1080 புள்ளிகளில் விரிக்கிறது. கணக்குப் போட்டால் சரியாக ஐந்து மடங்கு. திரையில் ஐந்து புள்ளிக்கு நான்கு, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பியவை. 4கே டீவியில் இருபதுக்குப் பத்தொன்பது! பெட்டி டீவியில் பளிச்சென்று தெரிந்தது பெரிய திரையில் ஏன் மங்குகிறது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. 'அப்ஸ்கேலிங்' என்று பிளேயரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதும் இந்த ஊகத்தைத்தான்; உங்கள் டீவி அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் வழியில் ஓரிடத்தில், தட்டில் இருக்கும் விவரமே தொலைகிறது. அது மஞ்சள் வயர். கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் வண்ண ஒளிபரப்புத் தெரிய வேண்டும் என்பதற்காக, வெளிச்சத்துக்குள்ளேயே நிறத்தை 4.43 மெகாஹேர்ட்ஸ் அலையில் ஏற்றி அனுப்பும் முறையை முன்னோர் வகுத்தார்கள். 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பத் தொடங்கியதும் பிஏஎல் முறையில்தான். தட்டில் தனித்தனியாக இருக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் பழைய பிளேயர் ஒன்றாகக் கலந்து இந்த ஒற்றை வயரில் அனுப்ப, டீவி திரும்பவும் பிரிக்கப் பார்க்கிறது. பிரிப்பு முழுதாக நடப்பதில்லை. பந்தலில் நிற்கும் ஒருவர் சின்னக் கட்டம் போட்ட சாரம் உடுத்தியிருந்தால், அதன் மேல் இல்லாத வானவில் நெளியும். அந்தக் கட்டங்களை டீவி நிறமென்று நினைத்துவிடுகிறது. சிவப்பு ஓரங்கள் கசியும். உப்புக்காற்றில் முனை பச்சை பூத்துவிட்டால் இன்னும் மோசம்.

எச்டிஎம்ஐ வயரில் இந்தக் கலப்பே இல்லை. எண்ணாக வந்தது எண்ணாகவே டீவிக்குப் போகிறது. ஆகவே, உங்கள் பிளேயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மட்டும்தான் இருக்கிறதென்றால், எச்டிஎம்ஐ உள்ள சாதாரணப் பிளேயர் ஒன்றை வாங்குங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கம் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று படத் துளைகள் இருந்து, டீவியிலும் அவை இருந்தால், முதலில் அவற்றில் வயரைக் கொடுத்துப் பாருங்கள். முகங்கள் அகன்று தெரிந்தால் அது பழைய 4:3 படம். டீவியின் மெனுவில் அதை மாற்றக் காசு தேவையில்லை. ஏற்கெனவே எச்டிஎம்ஐயில் பார்ப்பவர் இன்னும் விலை கூடிய பிளேயருக்குச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். புளூ-ரே பிளேயருக்கும் இது பொருந்தும். 405 நனோமீற்றர் ஊதா ஒளி 25 ஜிகாபைட்டை வாசிப்பது பெரிய சாதனைதான், ஆனால் உங்கள் தட்டில் இருப்பது அதே 576 வரிகள்.

மிச்சமாகும் காசை ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுங்கள். எழுதிய தட்டின் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மெல்ல மெல்ல வெளுக்கும். புள்ளிக்கும் வெற்றிடத்துக்கும் வித்தியாசம் குறைந்து, பிழை திருத்தத்துக்கும் எட்டாத நாள் வந்தால் தட்டு வாசிக்காது. டிவிடி டிரைவ் உள்ள கணினியில் தட்டில் இருக்கும் கோப்புகளை அப்படியே முழுதாகப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசிக்கு ஏற்றபடி சுருக்கித் தருகிறேன் என்று கடையில் சொன்னால், அந்தச் சின்னக் கொப்பியை வேறாக வாங்கிக்கொள்ளுங்கள், முழுப் பிரதியை விடவேண்டாம். அதையும் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்களிடம், மற்றது ராத்தா வீட்டில்.