அவர் இடத்தில் நாம் இருந்தால்...

மூன்று வயது மழலை ஒன்று இரு கைகளாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டு, "உம்மா, என்னைக் கண்டுபிடிங்க!" என்று கூவுகிறது. தான் காணாததை உம்மாவும் காணமாட்டார் என்பது அதன் எண்ணம். நாம் சிரித்து மகிழ்கிறோம். அன்பு வாசகர்களே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் பிறருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொண்டு, வளர்ந்துவிட்ட நாமும் எத்தனை முறை மனத்தாங்கலுக்கு ஆளாகியிருக்கிறோம்!

1983-ஆம் ஆண்டு ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்னும் உளவியல் அறிஞர்கள் குழந்தைகளிடம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டார்கள். மாக்ஸி என்னும் சிறுவன் சாக்லெட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு வெளியே செல்கிறான். அவன் இல்லாத வேளையில் தாய் அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் மாக்ஸி சாக்லெட்டை எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பச்சை அலமாரியையே காட்டினர். தாங்கள் அறிந்ததை மாக்ஸி அறியமாட்டான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. ஆறு வயதைக் கடந்தவர்களுள் பெரும்பாலோர் சரியான விடை கூறினர்.

அப்படியானால், பல் முளைப்பதைப் போல இந்த அறிவும் வயது வந்தால் தானே வந்துவிடுமா? வராது என்பதற்கு நடு அமெரிக்க நாடான நிகராகுவாவில் ஒரு சான்று உண்டு. அங்கு 1970-களின் இறுதியில்தான் காது கேளாத பிள்ளைகள் பெருமளவில் பள்ளியில் ஒன்றுகூடினர். அதுவரை தத்தம் வீடுகளில் தனித்திருந்த அவர்கள், தங்களுக்குள் ஒரு சைகை மொழியையே உருவாக்கினர். ஆனால் 'நினைக்கிறான்', 'அறிந்திருக்கிறான்' என உள்ளத்தைப் பேசும் சைகைகள் அந்த முதல் அணியினரிடம் மிகக் குறைவு. அடுத்து வந்த இளையவர்களே அவற்றை வளர்த்தனர்.

மாக்ஸியின் கதையை ஒத்த சோதனையை இவர்களுக்கு வைத்தபோது, இருபது வயதைக் கடந்த மூத்தவர்கள் தடுமாறினர், இளையவர்கள் தேறினர். இரண்டாண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது மூத்தவர்களும் முன்னேறியிருந்தனர். இடைக்காலத்தில் இளையவர்களோடு கூடிப் பழகி அந்தச் சைகைகளை அவர்கள் கற்றிருந்தனர். ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இது. காது கேளாத பிள்ளை உள்ள வீட்டார் சைகை மொழி கற்பது எத்துணை இன்றியமையாதது என்பதையும் இதனால் உணரலாம்.

பிறர் உள்ளத்தை அறியும் கலை, பழக்கத்தாலும் பேச்சாலும் வளர்வது. ஜூடி டன் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. உணர்ச்சிகளைப் பற்றி மிகுதியாகப் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள், சில மாதங்களுக்குப் பின் பிறர் மனத்தை நன்கு அறிபவர்களாக விளங்கினர்.

இந்தப் பேச்சுக்கு ஈடிணையற்ற முன்மாதிரி நம் பெருமானார் (ஸல்) அவர்களிடம் இருக்கிறது. விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் வந்த நிகழ்ச்சி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. சூழ்ந்திருந்தோர் அவரை அதட்டினர். அண்ணலாரோ அருகில் அழைத்து அமர்த்தி, உம் தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் இளைஞர் மறுத்தார். பிற மக்களும் அப்படித்தான் விரும்பமாட்டார்கள் என்பதை உணர்த்தி, அவர் மீது கை வைத்து துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் அந்தத் தீமையின் பக்கம் திரும்பவே இல்லை.

தொழுகையை நீட்ட எண்ணி நிற்கையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் என்ன பாடுபடும் என்றுணர்ந்து தொழுகையைச் சுருக்கியவர்களும் அவர்களே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தம்பியின் பொம்மையை அண்ணன் ஒளித்துவைத்து விட்டான். இருவர் முதுகிலும் ஆளுக்கொரு அடி கொடுத்தால் சத்தம் ஓயும், பாடம் நிகழாது. "வைத்த இடத்தில் பொம்மையைக் காணாதபோது தம்பி என்ன நினைத்திருப்பான்?" என்று பெரியவனைக் கேளுங்கள். அவன் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

பிள்ளைகளோடு நின்றுவிட வேண்டாம். மருமகளின் மௌனத்தை ஆணவம் என்று மாமியார் கொள்கிறார். மாமியாரின் அறிவுரையைக் குத்தல் என்று மருமகள் கொள்கிறார். இருவருமே மற்றவரின் அலமாரியைத் திறந்து பாராமல் தீர்ப்புக் கூறியவர்கள்தாம். "ஏனம்மா வாடியிருக்கிறாய்?" என்ற ஒரு கேள்வி எத்தனையோ பிளவுகளைத் தடுத்திருக்கும்.

முற்றமும் திண்ணையும் அருகி, ஆளுக்கொரு கைபேசியுடன் அறைக்குள் ஒதுங்கும் காலம் இது. இன்றிரவு சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி அமரும்போது கைபேசிகளை அப்பால் வைத்துவிட்டு, ஒருவர் மனத்தை ஒருவர் கேட்டுப் பாருங்கள். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்புவது ஈமானின் நிறைவு. சகோதரன் எதை விரும்புகிறான் என்று கேட்டறிவது அதற்கு முதற்படி.