உங்களுக்குத் தெரியுமா? பாரிஸ் பாடகியும் மாத்தளைச் சாலையும்

● பிரெஞ்சு ஓபரா என்னும் இசைநாடக மேடையில் இலங்கைக் கதையொன்றின் நாயகியாக வேடமிட்டவர், புகழ்பெற்ற பாடகி எம்மா கல்வே. ஜார்ஜ் பிசே இசையமைத்த 'முத்துக் குளிப்போர்' என்னும் ஓபராவின் கதை நடப்பது நம் நாட்டுக் கடற்கரையில். முத்துக் குளிக்கப் போகிறவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று, முகத்திரை போட்டுக்கொண்டு பிரம்மனை வேண்டிப் பாடுகிறவள் லெய்லா. அந்த லெய்லாவாக 1889இலும் 1893இலும் பாரிஸில் பாடியவர் கல்வே.

● இந்த ஓபரா முதலில் மேடையேறியது 1863இல். அப்போது பிசேக்கு வயது 24. கதை மெக்சிகோவில் நடப்பதாக எழுதத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். 18 காட்சிகளோடு அது நின்றுபோனது. 1875இல் பிசே கண்மூடும்வரை மறுபடி யாரும் அதை மேடையேற்றவில்லை. கல்வே பாடிய காலத்தில்தான் பாரிஸ் அதை மீண்டும் கேட்டது.

● கல்வே பிறந்தது 1858இல், தென் பிரான்சின் தெக்காஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். ரோமில் டொமெனிக்கோ முஸ்தஃபா என்ற பாடகர் உச்சத்தில் மெல்லிசாக எழுப்பிய குரல் ஒன்றைக் கேட்டு வியந்து, அதைத் தனக்கும் கற்றுத்தரச் சொன்னார். வாயை இறுக மூடிக்கொண்டு நாளுக்கு 2 மணி நேரம் சாதகம் செய், 10 வருடத்தில் ஏதாவது வரும் என்றார் குரு. கல்வே விடவில்லை. மூன்றாம் வருடத்திலேயே அது கைவந்தது!

● குரல் மட்டும் போதாது, நடிப்பும் வேண்டும் என்று உணர்ந்தவர் அவர். இத்தாலிய நாடக நடிகை எலியனோரா டூசேயின் நடிப்பைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். 'கார்மென்' ஓபராவின் நாயகி வேடத்துக்காக ஸ்பெயினின் கிரனாடாவுக்கே போய் ஜிப்ஸிப் பெண்களின் ஆட்டத்தையும் நடையையும் படித்தார். 1893இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் கார்மெனாக நின்றபோது அந்த உழைப்பு முழுவதும் பலித்தது. இசையமைப்பாளர் மாஸ்னே அவரை மனத்தில் வைத்தே 'லா நவாரேஸ்', 'சாஃபோ' என்ற இரண்டு ஓபராக்களை எழுதினார்.

● புகழின் உச்சத்தில் மனம் உடைந்து போயிருந்த ஒரு காலம் கல்வேக்கு உண்டு. அப்போது சிக்காகோவில் அவருக்கு ஆறுதல் தந்தவர் சுவாமி விவேகானந்தர். துயரத்தை உள்ளே அடக்கி வைத்து மறுகாமல், அந்த உணர்ச்சியைக் கலையாக வெளியே கொண்டுவரச் சொன்னார். அந்தச் சந்திப்பைத் தன் சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார் கல்வே.

● அதே விவேகானந்தர் நடந்த மண் நம் மாத்தளை. 1897 ஜனவரி 15இல் கொழும்பில் இறங்கியவர், கண்டி வழியாக மாத்தளைக்கு வந்தார். 1880இல் மாத்தளை வரை போட்ட ரயில் பாதை இன்றும் அங்கேதான் முடிகிறது. ஆகவே யாழ்ப்பாணம் வரை சுமார் 200 மைல் வண்டிப் பயணம். ஜனவரி 20, புதன்கிழமை காலை அது தொடங்கியது.

● தம்புள்ளையைத் தாண்டிச் சில மைல் போனதும் ஒரு இறக்கத்தில் வண்டியின் முன்சக்கரம் நொறுங்கிவிட்டது. மூன்று மணி நேரம் சாலையோரத்தில் காத்திருப்பு. பிறகு மாட்டு வண்டியில் மெதுவாக அனுராதபுரம் நோக்கி. அமெரிக்கா முழுக்கக் கொண்டாடிய மனிதர் இந்தச் சாலையில் இப்படித்தான் போனார்.

● 1900 அக்டோபரில் பாரிஸிலிருந்து கொன்ஸ்டாண்டிநோபிள், ஏதென்ஸ், கெய்ரோ என்று ஒரு பெரும்பயணம் புறப்பட்டது. அதில் விவேகானந்தர் கல்வேயின் விருந்தினர். ஏழ்மையில் பிறந்து திறமையாலும் கடும் உழைப்பாலும் மேலே வந்தவர், கல்வியும் தத்துவ ஈடுபாடும் உள்ளவர் என்று கல்வேயைப் பற்றித் தன் பயணக் குறிப்பில் மனந்திறந்து பாராட்டினார் சுவாமி. பின்னாளில் கல்வே இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவுக்கு அருகே பேலூர் மடத்துக்கும் போனார். விவேகானந்தர் அப்போது உயிரோடு இல்லை.

● 1902 முதல் கல்வே இசைத்தட்டுகளில் பாடத் தொடங்கினார். 1942இல் அவர் காலமானாலும் அந்தப் பதிவுகள் அழியவில்லை. இணையத்தில் இன்று இலவசமாகவே கேட்கலாம். மாத்தளையில் சங்கீதம் படிக்கும் பிள்ளைகளே, ஒருமுறை தேடிக் கேளுங்கள். மூச்சை அவர் எப்படிச் சேமிக்கிறார், உச்ச ஸ்வரத்தை எவ்வளவு மெல்லிசாகப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். மொழி புரியாவிட்டாலும், மூன்று வருடச் சாதகம் ஒரு குரலை என்ன செய்யும் என்பது நன்றாகவே புரியும்.