பல் வைத்தியரும் கண்ணோயும்

பல் வைத்தியரின் விளக்கொளி நோயாளியின் வாயின்மீது விழுகின்றது. அவ்வாய்க்கு நான்கு விரல் மேலே உள்ள கண்களோ நிழலில் நிற்கின்றன. கண்ணைக் கெடுக்கும் நோய்களுட் சில வாயிலேயே முதலிற் குறிகாட்டுவனவாதலின், அந்நிழலையும் அவர் நோக்குதல் வேண்டும்.

இவற்றுட் கொடியது சளிச்சவ்வுக் கொப்புள நோய். உடலைக் காக்கவேண்டிய பிறபொருளெதிரிகள், சளிச்சவ்வை அதன் அடித்தளத்தோடு பிணைக்கும் புரதங்களையே தாக்குவதால் இது விளைகின்றது. முதியோரையே, அவருள்ளும் பெண்டிரையே, மிகுதியாகப் பற்றும். முரசு சிவந்து உரியும்; பல் துலக்குங்கால் இரத்தங் கசியும். அழுக்கினால் வந்த முரசு நோயென எண்ணித் துப்புரவு செய்து அனுப்பிவிடுதல் எளிது. தவறு நேர்வதும் அங்கேதான். இந்நோய் கண்ணையும் பற்றுமாயின், இமையின் உட்புறத்தைப் போர்த்த மென்சவ்வு தழும்பேறிச் சுருங்கும். இமை விழியோடு ஒட்டும். இமைமயிர்கள் உள்வளைந்து கருவிழியை உராயும். ஈற்றிற் பார்வை அழியும். மருந்து நோயை நிறுத்தக்கூடுமேயன்றித் தழும்பை நீக்காது. ஆதலின் உரிந்த புண்ணிலன்றி அதன் அயலிலுள்ள சவ்விற் சிறு துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்புதலும், கண் சிவப்பு உண்டோவென வினவுதலும் முதல் நாளிலேயே நிகழவேண்டும்.

சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்றிக் சோகிரென் 1933 இல் வெளியிட்ட ஆய்வேட்டினால் அறியப்பட்ட நோயிற் கண்ணீரும் உமிழ்நீரும் ஒருங்கே வற்றும். உமிழ்நீரின் காப்பை இழந்த பற்கள் முரசோரத்திற் சூத்தையாகும். நோயாளி சூத்தைக்கே மருந்து தேடி வருவார். கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்துவதை வெயிலின் வேலையென்று தமக்குத் தாமே சமாதானஞ் சொல்லிக்கொள்வார். துருக்கியரான ஹுலூசி பெக்செற் 1937 இல் விளக்கிய நோயிலோ, மீண்டும் மீண்டும் தோன்றும் வாய்ப்புண்கள் பல வேளைகளிற் கண்ணழற்சிக்குச் சில ஆண்டுகள் முந்தியே வந்துவிடுகின்றன.

இவை மெல்ல வளர்வன. விரைந்து கொல்வதும் ஒன்றுண்டு. மேல் வேட்டைப்பல்லை ஆங்கிலேயர் கண்பல் என்பர். கண்ணுக்கு நேர்கீழே நிற்றலால் வந்த பெயர் அது. அதன் வேரிற் பிடித்த சீழ், அரிதாக, முகத்து நாளங்களின் வழியே கண்ணுக்குப் பின்னேறி, மூளையின் அடியிலுள்ள நாளக்குடாவிற் குருதியை உறையச் செய்யும். இமை வீங்கும், விழி பிதுங்கும், காய்ச்சல் ஏறும். விழியை வெளிப்புறந் திருப்பும் நரம்பு அக்குடாவின் நடுவே செல்வதாற் பெரும்பாலும் முதலிற் சோர்வது அதுவே. அப்பொழுது ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றுமுன் இந்நோயுற்றோருட் பெரும்பாலார் இறந்தனர். இக்குறிகளோடு வருபவருக்குப் பல் பிடுங்க இன்னொரு நாட் குறித்தல் ஆகாது. அந்நாழிகையே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.