விடுமுறை நாளில் ஓடிய பணம்

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் அதற்கிருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகளை அனுப்பினார்கள். 30 உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நின்றன. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக இருந்ததால் பிடிபட்டது. மணிலாவுக்குப் போன 8.1 கோடி டாலரில் பெரும்பகுதி போயே போய்விட்டது.

திருடர்கள் நாள் பார்த்துத்தான் இறங்கியிருந்தார்கள். டாக்காவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு. பணத்தை நிறுத்தச் சொல்லி டாக்கா அனுப்பிய செய்தி பூட்டிய வங்கியில் கிடந்தது. மறுநாள் பணம் வெளியேறி, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப் பல நாடுகளைத் தொடும் குற்றத்தில், ஒரு நாட்டுப் போலீஸ் இன்னொரு நாட்டிடம் முறைப்படி ஆதாரம் கேட்டால் பதில் வர மாதக்கணக்காகும். சர்வர் பதிவுகளோ சில வாரங்களில் அழிந்துவிடக்கூடும். இதற்காகத்தான் இணையக் குற்றங்கள் பற்றிய 2001இன் புடாபெஸ்ட் உடன்படிக்கை, ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் 24 மணி நேரமும் விழித்திருக்கும் தொடர்பு மையம் வேண்டும் என்கிறது. அதன் வழியே, தரவை அழிக்காமல் வைத்திருக்கும்படி உடனே கேட்கலாம். இலங்கை 2015இலும் பிலிப்பைன்ஸ் 2018இலும் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை.

கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, ஆட்களுக்கு வேலை தெரிய வேண்டும். ஐரோப்பிய கவுன்சிலும் ஐரோப்பிய ஒன்றியமும் 2013இல் தொடங்கிய ‘குளேசி’ பயிற்சித் திட்டத்தில் முதலிலேயே இடம்பெற்ற நாடுகளில் இலங்கையும் பிலிப்பைன்ஸும் உண்டு.

இத்தகைய பயிற்சியின் பாடம் மிக எளிய கேள்வியிலிருந்து தொடங்கும். சோதனைக்குப் போன வீட்டில் மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்கலாமா? அணைத்தால் ரேமில் இருக்கும் கடவுச்சொற்களும் திறந்திருக்கும் இணைப்புகளும் போய்விடும். வட்டை நகலெடுத்ததும் அதன் ‘ஹேஷ்’ எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். தரவில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், ஆதாரத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று நீதிமன்றத்தில் காட்ட அதுதான் உதவும்.

போலீஸையும் அரசு வழக்கறிஞரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் இந்தப் பயிற்சியின் ஆகப் பெரிய நன்மை. ஐ.பி. முகவரி கிடைத்த மகிழ்ச்சியில் அதிகாரி கோரிக்கை எழுதுவார். “இந்த நேரம் எந்த நாட்டு நேரம்?” என்று வழக்கறிஞர் கேட்பார். ஒரே முகவரியை இணைய நிறுவனம் அடுத்தடுத்துப் பலருக்குக் கொடுக்கும். கொழும்புக்கும் மணிலாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். எந்த நாட்டு நேரம் என்று குறிப்பிடாமல் விட்டால், போலீஸ் போய்த் தட்டுவது சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவாக இருக்கலாம்.