பௌர்ணமிக் கூட்டமும் தண்டல் அட்டையும்

வரவு சுருங்குகிற ஆண்டில் நம் வீடுகளில் முதல் வெட்டு விழுவது கோடைக்குப் போட்டு வைத்த ஊட்டி, கொடைக்கானல் திட்டத்தில்தான். அடுத்தது, முழுப் பரீட்சை முடிந்ததும் கூட்டிப்போகிறேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த தீம் பார்க். திருவண்ணாமலைப் பயணத்தில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. ஆலையில் ஓவர்டைம் நின்றுபோன மாதம், ஐ.டி. கம்பெனியில் வேலை போன மாதம், கல்யாணத்துக்குக் கட்டிய சீட்டு முழுகிய மாதம், அப்போதுதான் “ஒரு பௌர்ணமிக்குப் போய்ச் சுத்திட்டு வந்துரலாம்” என்ற பேச்சே வீட்டில் எழுகிறது. மந்தம் வந்தால் பூங்காக்கள் காற்று வாங்கும், அண்ணாமலையார் ஊர் அசையாது என்று பயணத் தொழிலில் இருப்பவர்கள் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான். கூட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. அந்தக் கூட்டத்தை நம்பிப் பாதையோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரின் நிலைமை வேறு.

பூங்காக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த பெரிய பூங்காவில் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய 1,500 ரூபாய். தள்ளுபடியெல்லாம் போனாலும் நான்கு பேர் குடும்பம் உள்ளே போய், சாப்பிட்டு, வீடு திரும்புவதற்குள் மாதச் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு விழுந்துவிடும். நடத்துகிறவருக்கும் இது லேசான தொழில் இல்லை. ராட்டினத்தில் பத்துப் பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் மின்சாரம் ஓடியாக வேண்டும், மெக்கானிக் நின்றாக வேண்டும், தண்ணீரைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஆகவே மந்தம் வந்தால் விலையைக் குறைத்தாவது ஆளைப் பிடிக்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் பிறந்த நாளன்று வருபவருக்கு நுழைவு இலவசம், நான்கு இரவுக்குப் பணம் கட்டினால் மூன்று இரவு கூடுதல் என்றெல்லாம் பெரிய பூங்காக்களே இறங்கி வந்தன. கூட்டம் ஓரளவு நின்றது. உள்ளே வந்தவர்கள்தான் பர்ஸைத் திறக்கவில்லை. கடன் சுமை தாங்காத ஒரு பெரிய பூங்காக் குழுமம் அந்த ஜூன் மாதம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது.

நம் ஊரில் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 சதவீத வரி. கூக்குரல் எழுந்ததும் 2018 ஜனவரியில் 18 ஆக இறங்கியது. பூங்கா முதலாளிக்குக் குறை சொல்ல ஒரு சங்கம் உண்டு, கேட்க ஒரு கவுன்சில் உண்டு.

திருவண்ணாமலைக் கணக்கு இப்படிப் போகிறது. 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரையில் ஏறினால் 50 ரூபாய் டிக்கெட்டில் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் இறங்கலாம். நான்கு பேர் போய்த் திரும்ப 400 ரூபாய். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கக் காசு கிடையாது. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திசை லிங்கங்களுக்கும் கும்பிடு போட டிக்கெட் வேண்டாம். வழியில் அன்னதானப் பந்தல்கள்: சாம்பார் சாதம், தயிர் சாதம், மோர். இரவு முழுக்க நடந்து விடியலில் பஸ் ஏறுகிறவருக்கு லாட்ஜும் வேண்டாம். கூடவே, துன்பம் கூடக் கூட வேண்டுதலும் கூடும். கார்த்திகை மாதச் சிவராத்திரியன்று குபேர கிரிவலம் என்று சில ஆண்டுகளாகத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்று ஏழாவது லிங்கமான குபேர லிங்கத்தின் முன்னால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேரின் மனசில் இருப்பது ஏதோ ஒரு கடன்.

ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிற கூட்டம் கொரோனாவுக்குப் பிறகு பெருகியது. மாட வீதிக் கடைகளில் தெலுங்குப் பலகை தொங்காத கடை குறைவு. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. 13-ஆம் தேதி மலையுச்சியில் தீபம் ஏறியபோதும் ஊர் நிறைந்துதான் இருந்தது. மலையேறத்தான் பக்தர்களை விடவில்லை. எந்தச் சரிவும் இந்தக் கூட்டத்தைக் கலைக்காது.

என் கவலை கூட்டத்தைப் பற்றியதல்ல. ஆதி அண்ணாமலையைத் தாண்டியதும் பாதையோரத்தில் அவித்த வேர்க்கடலை விற்கும் ஒரு அம்மாவிடம் நின்று பேசினேன். கலசப்பாக்கம் பக்கம் கிராமம். மற்ற நாளில் களை எடுப்பு, நூறு நாள் வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கே கடை. கடை என்றால் ஒரு அலுமினிய அன்னக்கூடை, அதன்மேல் ஈரத்துணி, ஒரு ஆழாக்கு, கிழித்து அடுக்கிய செய்தித்தாள், பேட்டரி விளக்கு, பேரன் ஒட்டிக் கொடுத்த ஸ்கேன் அட்டை. “ஜனம் வர்றதுல ஒரு கொறையும் இல்ல சார். முன்ன இருவது ரூபா பொட்டலம் ஆளுக்கொண்ணு வாங்குவாங்க. இப்ப பத்து ரூபாய்க்கு இருக்கான்னு கேக்கறாங்க. பத்து ரூபாய்க்குக் கட்டினா, ஒண்ணே ஒண்ணு வாங்கி நாலு பேர் பிரிச்சிக்கறாங்க. கோச்சிக்க முடியுமா? அவங்களும் நம்மள மாதிரிதான்.”

மந்தம் திருவண்ணாமலையில் இப்படித்தான் வந்து இறங்குகிறது. வாங்குகிறவர் வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறார். குழந்தைக்குப் பலூன் வேண்டாம், சாமி கயிறு போதும். ருத்ராட்சமும் ஸ்படிக மாலையும் கையில் எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, திரும்ப வைக்கப்படுகின்றன. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தொலைக்காட்சியில் காட்டியது திருப்பூரை. இந்த மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலைகள் இருக்கின்றன. பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. அங்கே வேலைக்குப் போகிற பெண்கள்தான் பௌர்ணமியன்று கைப்பையோடு வந்து பாதையோரத்தில் விளக்கும் பூவும் வளையலும் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு ஒரு ஷிப்ட் குறைந்தால் இங்கே பத்துச் சாக்குகளில் சரக்கு மிஞ்சும். பூங்காவில் கூட்டத்துக்கும் வசூலுக்கும் இடையில் விழுகிற ஓட்டையை நிறுவனம் வங்கிக் கடனை வைத்து அடைத்துக்கொள்ளும். இங்கே அந்த ஓட்டையை அடைப்பது தண்டல்.

அந்த அம்மா சுருக்குப்பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். நூறு கட்டங்கள். கட்டிய நாளுக்கெல்லாம் ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஊரெங்கும் ஒரே வாய்ப்பாடுதான்: 10,000 ரூபாய் கடன் என்றால் கையில் வருவது 9,000. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பப் போய்க்கொண்டிருப்பதால், நூறு நாளில் சராசரியாக அவர் கையில் நிற்கிற பணம் 4,500 ரூபாய்தான். அதற்கு ஆயிரம் வட்டி. ஆண்டுக்குப் பார்த்தால் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. கையில் 8,500 மட்டும் கொடுக்கிறவர்களும் உண்டு. அங்கே கணக்கு இன்னும் கொடுமை.

மார்க்கெட்டில் தினமும் கீரை விற்கிறவர் இந்தத் தண்டலை எப்படியோ ஓட்டிவிடுவார். வசூல் தினம் வருகிறது, தவணையும் தினம் போகிறது. பௌர்ணமி வியாபாரிக்கு வரவு மாதத்தில் ஒன்றரை இரவு. தவணையோ முப்பது நாளும். ஒரு பௌர்ணமி மழையில் போனால், அடுத்த பௌர்ணமி வரை ஒவ்வொரு நாளும் நூறு ரூபாய்க்கு எங்கே போவது? கூலிக் காசிலிருந்து எடுக்க வேண்டும். அதுவும் போதாதபோது இன்னொரு தண்டல் வாங்கி முதல் தண்டலை அடைக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று அட்டைகள் சேர்வது இப்படித்தான். இதற்குமேல் மகளிர் குழுக் கடன் வாரத் தவணையோடு தனியாக நிற்கும். ஏமாற்றுக்காரர், சோம்பேறி என்று யாரையும் சொல்வதற்கில்லை. வரவின் தாளமும் தவணையின் தாளமும் ஒத்துப்போகாத ஒரு தொழிலில் இவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டமே வராத காலம் ஒன்றும் இருந்தது. 2020 மார்ச்சில் கிரிவலத்துக்குத் தடை வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அந்த ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி மகாதீபம் ஏறியபோது வெளியூர் ஜனம் இல்லை. ரமண நகரில் வெளிநாட்டவருக்காக நடந்த சிறு ஓட்டல்களும் மாத வாடகை வீடுகளும் பூட்டிக் கிடந்தன. இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2019-ல் 1 கோடியே 9 லட்சம் பேர். 2020-ல் 27 லட்சம். 2008-09 உலக மந்தத்தில்கூட 52.8 லட்சத்திலிருந்து 51.7 லட்சத்துக்குத்தான் இறங்கியது. கொரோனா முடிந்ததும் கூட்டம் பழையபடி திரும்பியது, ஊர் எழுந்துவிட்டது என்று எழுதினோம். அந்த இரண்டு ஆண்டு வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய கடன் எழவில்லை. பாதையோரத்தில் நான் பேசியவர்களில் பலருடைய முதல் அட்டை அந்தக் காலத்தில் வாங்கியது.

லாட்ஜ் நடத்துபவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. கூட்டம் பெருகினால் ஊரில் எல்லாருக்கும் பிழைப்புதான் என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு 2022 ஜூலையில் விழுந்த 12 சதவீத வரி, 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைந்த பிறகு நடுத்தரக் குடும்பங்கள் தங்குவது எளிதாகியிருக்கிறது. ஆனால் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் அறை வாடகையைப் பல மடங்கு ஏற்றிக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. வேர்க்கடலைக்கு அந்த வழி இல்லை. அறைக்குக் கூடுதலாகக் கொடுத்தவர் அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைப்பதும் பாதையோரத்தில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டம். தெருவோர வியாபாரிகளுக்கென்றே 2014-ல் மத்தியச் சட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்கச் சொல்கிறது அது. 2020 ஜூனில் வந்த ஸ்வநிதி திட்டத்தில் ஈடில்லாமல் முதலில் 10,000 ரூபாய் கடன் கொடுத்தார்கள். 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் திரும்ப வரும். நல்ல திட்டம்தான். நகரத்தில் தினமும் ஒரே இடத்தில் கடை போடுகிறவரை மனசில் வைத்து வகுத்தது. ஊரில் விவசாயக் கூலி, பௌர்ணமிக்கு மட்டும் வியாபாரி என்று இருப்பவர் கணக்கெடுப்பு நடக்கிற செவ்வாய்க்கிழமை காலையில் கிரிவலப் பாதையில் இருக்கமாட்டார். அவர் கிராமத்தில் போய்க் கேட்டால் அங்கே அவர் வியாபாரியே இல்லை. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. அந்தஸ்து உயர்ந்தது நல்லது. உயர்ந்த அந்தஸ்துக்குத் தகுந்தபடி கணக்கெடுப்பைப் பௌர்ணமி இரவில் நடத்தினால் என்ன? மாதம் ஒன்றரை இரவுதான் என்றாலும், வருஷக்கணக்காக மாறாமல் கூடுகிற சந்தை இது. அதில் விற்கிறவர்களின் பெயர் ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். பெயர் ஏறினால்தான், விழாவுக்கு முன் பாதையை ஒழுங்குபடுத்தும்போது சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடாமல் இருக்க ஒரு பிடிமானம் கிடைக்கும்.

கடனும் அந்தச் சந்தையின் நாட்காட்டிப்படி இருக்க வேண்டும். பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன் கொடுத்து, முடிந்த மறுநாள் அசலும் ஒரு சதவீத வட்டியும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். மழையிலோ தடையிலோ அந்தப் பௌர்ணமி கெட்டால் அடுத்ததற்குத் தள்ளி வைக்கலாம். மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கிற தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பயிர்க் கடனை இப்படித்தான் கொடுக்கின்றன, அறுவடைக்குப் பிறகு கட்டு என்று. கடலை விளைவிக்கிறவருக்கு இப்படிக் கடன் கொடுக்கிற சங்கம், அந்தக் கடலையை அவித்து விற்கிறவருக்கும் அதே ஏற்பாட்டில் கொடுக்கலாம். தொகை பெரிதல்ல, சரக்கு எடுக்க ஒருவருக்கு 5,000 ரூபாய் போதும் என்கிறார்கள். வாராக் கடனாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் அந்த அம்மாவின் அட்டையைப் பார்க்க வேண்டும். எண்பது சதவீத வட்டியில் ஒரு கட்டம் விடாமல் கையெழுத்து நிறைந்திருக்கிறது.

தண்டல்காரர் இரவு ஒன்பது மணிக்குச் சாக்கின் அருகிலேயே வந்து நின்று பணம் கொடுக்கிறார். சங்கத்து அலுவலகம் சாயங்காலம் பூட்டிவிடுகிறது. ஆகவே பௌர்ணமி வாரத்தில் பாதையிலேயே ஒரு மேசை போட வேண்டும், இரவு பத்து மணிவரை. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு அதைத் தொடங்கினால், அடுத்த மாதம் தீபத்துக்கு அகலும் திரியும் கடலையும் எடுக்கப் போகிறவர் அட்டையில்லாத காசோடு மண்டிக்குப் போகலாம்.